நிமிர இயலாத முதுகுகள்

தமிழில் முதுகுக்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை. துணிவற்றவனை முதுகெலும்பு இல்லாதவன் என்கிறோம். நம்பினவரைக் கெடுத்தவன் முதுகில் குத்தியவன் ஆகிறான். தன் மகன் போரில் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதிய தாய் ஒருத்தி, வாளோடு களத்துக்குப் போய் அவன் உடலைத் தேடிய செய்தியைப் புறநானூறு பேசுகிறது. இராமகாதையில் கேடு சூழ்பவள் ஒரு கூனி. அவளது முதுகின் வளைவையே மனத்தின் வளைவுக்கு அடையாளமாக்கிப் பல தலைமுறைகளாகக் கதை சொல்லி வந்திருக்கிறோம். நேர்மைக்கு நிமிர்வும் தாழ்வுக்குக் குனிவும் என்று சொற்களை ஒதுக்கி வைத்துவிட்ட மொழி நம்முடையது.

சொல்வழக்குதானே என்று விட்டுவிடலாம். ஆனால் முதுகு நோவு கண்ட ஒருவரிடம் நாம் பேசுகிற பேச்சில் இவ்வழக்கின் வாடை அடிக்கத்தான் செய்கிறது. இருபத்தைந்து வயது இளைஞன் காலையில் எழ முடியவில்லை என்றால், 'இந்த வயதில் என்ன முதுகுவலி?' என்று கேட்கிறோம். அக்கேள்விக்குள் சோம்பேறி என்ற சொல் ஒளிந்திருக்கிறது. எழுபது வயது மூதாட்டி சொன்னால், 'வயதானால் அப்படித்தான்' என்கிறோம். நடுவயதினர் இறைப்பற்று உள்ளவராயும் இருந்துவிட்டால், 'ஆண்டவர் கொடுத்த சிலுவை, ஒப்புக்கொடுங்கள்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மூன்று விடைகளிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. அதற்குமேல் நாம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் மருத்துவர் என்று குறிக்கப்படும் லூக்காவே நற்செய்தியாளர் லூக்கா என்பது திரு அவையின் மரபு. அவர் எழுதிய நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். மற்ற மூன்று நற்செய்திகளிலும் அவளைக் காணோம். 18 ஆண்டுகளாகக் கூன் விழுந்து, சிறிதும் நிமிர முடியாதவளாய் இருந்தவள் அவள். அது ஓய்வு நாள். தொழுகைக்கூடத்தில் இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். அவள் எதையும் கேட்கவில்லை. ஆடையின் ஓரத்தைத் தொடவில்லை, கூவி அழைக்கவுமில்லை. தரையைப் பார்த்தபடி வந்திருக்கிறாள், அவ்வளவே. அவர்தாம் அவளைக் கண்டு அழைக்கிறார், விடுவிக்கப்பட்டாய் என்கிறார், கைகளை அவள்மேல் வைக்கிறார். அவள் நிமிர்கிறாள். உடனே தொழுகைக்கூடத் தலைவருக்குச் சினம். வேலை செய்ய ஆறு நாள்கள் உண்டே, அந்நாள்களில் வந்து குணம் பெறுங்கள் என்று மக்களிடம் கூறுகிறார். இயேசுவை நேரே பார்த்துச் சொல்ல அவருக்குத் துணிவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 18 ஆண்டுகள் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு நாள் பெரிதா என்பது அவர் கணக்கு. ஓய்வு நாளிலும் மாட்டையோ கழுதையையோ தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்கள் அல்லவா என்பது இயேசுவின் மறுமொழி. மாட்டுக்குச் சொன்ன அவிழ்ப்பையே பெண்ணுக்கும் சொல்கிறார். அவளை ஆபிரகாமின் மகள் என்றும் அழைக்கிறார். அவளுடைய நோயைச் சாத்தான் போட்ட கட்டு என்று சொன்னாரேயன்றி, அவள் செய்த பாவத்தின் கூலி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

அவளுக்கு என்ன நோய்? இக்கேள்வி பக்திக் குறைவு ஆகாது. மருத்துவரான ஜான் வில்கின்சன் 1977 இல் இப்பகுதியை ஆராய்ந்து எழுதினார். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும் ஒருவகை முடக்குவாதம் அவளுக்கு இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. எலும்பில் காசநோய் பற்றினாலும் கூன் விழும். எலும்பு அடர்த்தி குறைந்து முள்ளெலும்புகள் நொறுங்கினாலும் விழும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதுகுவலி என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுக் குரல் என்பதை இந்தக் கேள்வி நமக்கு நினைவூட்டுகிறது. எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் எல்லாருக்கும் ஒரே தைலத்தைத் தடவுவதும், எல்லாருக்கும் ஒரே ஆறுதலைச் சொல்வதும் ஒன்றுதான்.

முதுகின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். பிறக்கும்போது மனிதனுக்கு முள்ளெலும்புகள் 33. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இந்த 24 எலும்புகளே அசைபவை. அதற்குக் கீழே உள்ளவை வளர வளர ஒட்டிப்போகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டுகள் இருக்கின்றன. வட்டின் வெளிப்புறம் பல அடுக்கு நார் வளையம். உள்ளே நீர் மிகுந்த கூழ். நாள் முழுதும் நின்றும் நடந்தும் சுமந்தும் வருகையில் இவ்வட்டுகள் நீரை இழந்து சற்றே தட்டையாகின்றன. இரவில் படுத்ததும் மீண்டும் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் விடியற்காலைத் திருப்பலிக்குப் போகும் நாம் மாலைச் செபத்துக்குப் போகும் நம்மைவிடச் சற்று உயரமானவர்கள். எலும்புகளின் பின்புறத்துக் கால்வாய் வழியே தண்டுவடம் இறங்குகிறது. அது முதுகின் அடிவரை வருவதில்லை. இடுப்பின் முதல் எலும்புக்கருகே முடிந்து, அதன்பின் குதிரைவால் போன்ற நரம்புக் கற்றையாகப் பிரிந்து தொங்குகிறது.

'ஜவ்வு விலகிவிட்டது', 'டிஸ்க் நகர்ந்துவிட்டது' என்று நம் ஊரில் சொல்லக் கேட்கிறோம். வட்டு இடம்விட்டு நகர்வதே இல்லை; மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது. நடப்பது வேறு. வெளிவளையத்தில் கீறல் விழுந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை உறுத்துகிறது. பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நேர்கிறது. நரம்பு உறுத்தப்படுவதால் வலி இடுப்போடு நில்லாமல் பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்னலாக ஓடும். இதையே சியாட்டிகா என்கிறார்கள். நகர்ந்ததைத் தட்டி உள்ளே தள்ளிவிடுவதாகச் சொல்லி முதுகில் ஏறி மிதிப்பவர்களிடம் போவதில் பொருளில்லை என்பது இதனால் விளங்கும். நகராததை எவரும் தள்ள முடியாது. பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் 1934 இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே வட்டுப் பிதுக்கத்துக்கும் கால்வலிக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது. அதுவரை அறுவை மேசையில் கண்ட அந்தக் கூழைக் கட்டி என்றே எண்ணியிருந்தார்கள்.

திருத்தந்தை பிரான்சிசுக்கும் இந்த வலி இருந்தது. 2013 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவிலிருந்து திரும்பும் விமானத்தில், தம் பணியின் முதல் மாதத்தில் தமக்கு நேர்ந்ததில் மிகக் கொடியது சியாட்டிகா வலிதான் என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். 2020 டிசம்பர் 31 மாலையிலும் 2021 புத்தாண்டுக் காலையிலும் அவ்வலியால் அவர் வழிபாடுகளுக்குத் தலைமை ஏற்க இயலவில்லை. மறைத்து வைக்காமல் வத்திக்கான் அதை அறிவித்தது. 2025 இல் இறைவனடி சேர்ந்த அத்திருத்தந்தையின் எழுத்துக்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வலிக்கிறது என்று வெட்கமின்றிச் சொன்னதும் ஒரு போதனையாகவே நமக்குப் படுகிறது.

வட்டுப் பிதுக்கத்தைப் பற்றி நம் மக்களிடையே இருக்கும் அச்சம் அளவுக்கு மீறியது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வலி தணிந்துவிடுகிறது; பிதுங்கிய கூழை உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான சியாட்டிகா நோயாளிகள் 283 பேரிடம் நடத்திய ஆய்வு 2007 இல் வெளிவந்தது. விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். ஆகவே அறுவை தேவைப்படுவோர் உண்டு. அவசரப்படத் தேவையில்லாதோர் அதனினும் மிகுதி.

ஸ்கேன் பற்றியும் ஒரு சொல். இன்று சிறு நகரங்களிலும் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. வலி வந்த மறுநாளே நகையை அடகு வைத்துப் படம் எடுத்து, அதில் எழுதியிருப்பதை வாசித்துக் கலங்குவோர் பலர். 1994 இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு இப்படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வட்டாவது புடைத்திருந்தது. வலியோ இல்லை! தலையில் நரை விழுவதுபோல வட்டிலும் தேய்வு விழுகிறது. அதைத் 'தேய்மானம்' என்று தாளில் எழுதிக் கொடுத்ததும், எந்திரத்தின் பல்சக்கரம் தேய்ந்ததுபோல நாம் நம்மையே எண்ணிக்கொள்கிறோம். குனியவும் நடக்கவும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் தேய்வைவிடத் தீங்கு செய்யும்.

படுக்கையும் அப்படியே. இடுப்பு பிடித்துக்கொண்டால் பலகையில் மல்லாந்து கிடக்க வேண்டும் என்பது நம் முந்தைய தலைமுறையின் மருத்துவம். மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். 1986 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஏழு நாளால் கூடுதல் பயன் எதுவுமில்லை. வேலை இழந்த நாள்களே மிகுந்தன. 1995 இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் செய்த ஆய்வில், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள். உலக நலவாழ்வு நிறுவனமும், நாள்பட்ட இடுப்புவலி பற்றி 2023 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சிக்கும் நோயாளிக்கு விளங்கச் சொல்வதற்கும் முதன்மை தருகிறது. 2020 இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு இருந்தார்கள் என்பது மதிப்பீடு. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துச் சொல்லத்தக்க காரணம் கிடைப்பதில்லை. காரணம் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. வலிக்கிறது என்பவரை நம்புவதற்கு நமக்குப் படம் வேண்டியதில்லை.

ஆயினும் நடமாடு, வேலை செய் என்று சொல்வது சிலருக்கு ஏளனம்போல ஒலிக்கும் என்பதை நாம் மறக்கலாகாது. நாற்று நடும் பெண் நாள் முழுதும் இரண்டாக மடிந்து நிற்கிறாள். உப்பளத்தில் கொழுவி இழுப்பவர்களும், காலைமுதல் மாலைவரை முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவோரும், கரையில் மடி இழுப்போரும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஓர் ஆண் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967 இல் பரிந்துரைத்தது. அந்த வரம்பின் விளிம்பில் நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர்களிடம், முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள் என்று நாற்காலியில் அமர்ந்து அறிவுரை கூறுவது எளிது. சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்தால் முதுகின்மேல் விழும் விசை குறையும், முறுக்கிக்கொண்டு தூக்கினால் கூடும் என்பன உண்மை. ஆனால் மூட்டையைச் சிறிதாக்குவதும், இருவராகத் தூக்க விடுவதும், இடையில் ஓய்வுக்குக் கூலி பிடிக்காமல் இருப்பதும் சுமப்பவர் கையில் இல்லை; சுமக்கச் சொல்பவர் கையில் இருக்கின்றன. அவர்களும் நம் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்பவர்களே.

முதியவர்களுக்கு வரும் இன்னொரு துன்பத்தைச் சொல்ல வேண்டும். தண்டுவடக் கால்வாய் குறுகி நரம்புகள் நெருக்கப்படும்போது, நூறு இருநூறு அடி நடந்ததும் இரு கால்களும் கனத்து மரத்து, நிற்க முடியாமல் போகும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சற்று நேரத்தில் ஆறிவிடும். நடக்க முடியாத அப்பெரியவர் சைக்கிள் மிதிப்பார். கைப்பிடியில் குனிவதால் கால்வாய்க்கு இடம் கிடைக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் நடிப்பு என்பார்கள்! சிலருக்கு ஒரு முள்ளெலும்பு தன் கீழுள்ளதன்மேல் முன்னோக்கி வழுக்கியிருக்கும். அவர்களுக்கும் பெரும்பாலும் வயிற்றையும் முதுகையும் வலுவாக்கும் பயிற்சியே முதல் மருத்துவம்.

இளைஞர்களைப் பற்றி நமக்குக் கவலை அதிகம். இறுகிப்போகும் முடக்குவாதம் என்று மேலே சொன்னோமே, அது பொதுவாக முதுமையில் தொடங்குவதில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் தொடங்குகிறது. மற்ற முதுகுவலி ஓய்வால் தணியும், உழைப்பால் கூடும். இதுவோ ஓய்வால் கூடுகிறது, அசைவால் தணிகிறது. பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலையில் அரை மணிக்கு மேல் உடல் கட்டைபோல விறைத்துக் கிடக்கும். நடமாடத் தொடங்கினால் இளகும். பத்து மணிக்குமேல் நன்றாக ஓடியாடுகிறவன் காலையில் மட்டும் எழ மறுத்தால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? 1973 இல் இந்நோய்க்கும் ஒரு மரபணுக் குறிக்கும் உள்ள நெருங்கிய தொடர்பு கண்டறியப்பட்டது. இன்று அழற்சியை அடக்கும் மருந்துகள் உள்ளன. முறையான பயிற்சியோடு தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுகிறவர்களில் பலர் கூன் விழாமல் வாழ்கிறார்கள். ஆனால் இந்நோய் இன்னதென்று தெரியவே பல ஆண்டுகள் கழிந்துவிடுவது உலகெங்கும் வழக்கமாயிருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவன்மேல் விழுந்த வசைகளுக்கு மருந்து இல்லை.

முதுகில் காசநோய் பற்றுவதை ஆங்கில மருத்துவர் பெர்சிவல் பாட் 1779 இல் விரித்து எழுதினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. முள்ளெலும்பின் முன்பகுதி அரிக்கப்பட்டுச் சரிவதால் முதுகு கூர்மையாக முன்மடிகிறது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், ஓய்விலும் தணியாத வலி ஆகியவை அதன் அடையாளங்கள். நம் நாட்டில் இது அருகிவிடவில்லை. இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1956 இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைத் தனி மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் கிடத்தாமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. பின்னர் முதுகெலும்புக் காசநோயாளிகளிடமும் ஆய்ந்தது. நடமாடிக்கொண்டே மருந்து உண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை இல்லாமலே குணமானார்கள். மாவுக்கட்டிலும் படுக்கையிலும் கழிந்திருக்கக்கூடிய எத்தனையோ வாழ்வுகள் அந்த ஆய்வால் எழுந்து நடந்தன. நம் ஊரில் நடந்த இத்தகைய புதுமைகளை நாம் மறையுரைகளில் கேட்பதில்லை என்பது நமக்கு ஒரு குறை.

நம் பாட்டிமார் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருவதை நாம் இயற்கை என்றே எண்ணிவிட்டோம். மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு அடர்த்தி விரைந்து குறைகிறது. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கியதும், சில வேளை ஒன்றுமே செய்யாமலும், ஒரு முள்ளெலும்பு முன்புறமாக நசுங்கிவிடும். விழவில்லை, அடிபடவில்லை என்பதால் அதை எலும்பு முறிவு என்று எவரும் நினைப்பதில்லை. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று எலும்புகள் நசுங்கினால் உயரம் குறையும், கூன் விழும், வயிறு முன்தள்ளும், மூச்சும் குறுகும். சேலை நீளமாகிவிட்டது என்று அவர் சொன்னால், சேலை வளரவில்லை, அவர் குறைந்திருக்கிறார் என்று நாம் உணர வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கவும் மேலும் நசுங்காமல் காக்கவும் வழிகள் இருக்கின்றன. கேழ்வரகும் பாலும் வெயிலும் நடையும் நடுவயதிலேயே தொடங்க வேண்டியவை.

சில அடையாளங்களுக்கு மட்டும் ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ தானாகக் கழிந்தாலோ, சைக்கிள் இருக்கையில் படும் உடற்பகுதி மரத்துப்போனாலோ, காலில் வலு குறைந்துகொண்டே வந்தாலோ, அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். குதிரைவால் நரம்புகள் நசுக்கப்படுவதன் அறிகுறி அது; மணிக்கணக்கில் காலம் எண்ணப்படும். முன்பு புற்றுநோய் கண்டவர்களுக்குப் புதிதாய் வரும் முதுகுவலியையும், காய்ச்சலோடு வரும் வலியையும் தைலத்தால் தள்ளிப்போடலாகாது. இவற்றைக் கூச்சத்தால் சொல்லாமல் இருப்பவர்கள் பெண்களே மிகுதி. அன்பியக் கூட்டங்களில் ஒருமுறை வெளிப்படையாக எடுத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இனிச் சிலுவைக்கு வருவோம். வலியை ஒப்புக்கொடுத்தல் நம் விசுவாசத்தின் செல்வம்; அதை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் தன் வலியை ஒப்புக்கொடுக்க ஒருவருக்குத்தான் உரிமை உண்டு, வலி உடையவருக்கு. பிறர் வலியை நாம் எடுத்து ஒப்புக்கொடுக்க முடியாது. சீராக்கின் நூல் 38 ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரின் படைப்பு என்று போற்றுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனிதத் துன்பத்தின் பொருள் பற்றி 1984 இல் எழுதிய திருத்தூது மடலின் இறுதிப்பகுதியில் நல்ல சமாரியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். துன்பத்துக்கு மீட்பின் பொருள் உண்டென்று அத்தனை ஆழமாக எழுதியவர், அதைக் காரணங்காட்டிக் கடந்து செல்ல எவரையும் விடவில்லை.

இத்தாலியின் காஸ்தெல்லோ நகரப் புனித மார்கரீத்தை இங்கு நினைக்கிறோம். 1287 இல் உயர்குடியில் பார்வையற்றவராக, வளைந்த முதுகோடு பிறந்தார். பெற்றோர் வெட்கப்பட்டு அவரை ஊர் கண்ணில் படாமல் அடைத்து வைத்தார்கள். புதுமை நடக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு திருத்தலத்துக்கு அழைத்துப் போனார்கள். நடக்கவில்லை என்றதும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வூர் ஏழைகளே அவரை வீடு வீடாக ஏற்றுக் காத்தார்கள். 2021 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் முதுகு கடைசிவரை நிமிரவில்லை. நம் திருத்தலங்களுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்லும்போது, புதுமை கிடைக்காமல் திரும்பும் வழியில் அவர்களோடு எப்படிப் பேசுகிறோம் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லுமளவுக்கு நம்மில் சிலர் போவதுண்டு.

ஞாயிறுதோறும் நாம் காண்பது வேறொன்று. எழுந்தேற்ற வேளையில் எல்லாரும் முழந்தாளிட, பின்வரிசையில் சில மூதாட்டியர் பெஞ்சின் முனையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கப் படும் பாடு. இறங்கியபின் எழுவது அதனினும் கொடியது. உட்கார்ந்தே இருக்கலாமே என்றால், 'ஆண்டவர் எழுந்தருளும்போது எப்படிச் சாமி உட்கார்வது?' என்று குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 43 ஆம் எண்ணில் இதற்கு விடை இருக்கிறது: உடல்நலக் குறைவு முதலிய தக்க காரணங்களால் முழந்தாளிட இயலாதவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், நிற்பவர்கள் குரு பணிந்து வணங்கும்போது தாழ்ந்து தலைவணங்கினால் போதும். இந்திய ஆயர்களின் வேண்டுகோளுக்கிணங்க உரோமை 1969 இல் இசைவளித்த பன்னிரு மாற்றங்களில் தரையில் அமர்ந்து பங்கேற்பதும் ஒன்று. வழிபாட்டில் உடலின் நிலை ஒன்றே ஒன்றுதான் என்று திரு அவை ஒருபோதும் சொல்லவில்லை. பங்குத்தந்தையர் ஆண்டுக்கு இருமுறை இதைப் பீடத்திலிருந்து சொன்னால் நல்லது. ஒருமுறை சொன்னால் நம்பமாட்டார்கள். சாய்மானமில்லாப் பெஞ்சுகளுக்கு நடுவே முதுகு தாங்கும் நாற்காலிகள் பத்துப் பதினைந்து போடுவதற்கு நன்கொடையாளர் பெயர்ப்பலகைகூடத் தேவைப்படாது.

முழந்தாளிட முடியாமல் கலங்குபவர்களுக்குப் புனித அல்போன்ஸ் லிகோரியாரின் கதையைச் சொல்லலாம். ரெடம்டரிஸ்ட் என்று அழைக்கப்படும் இரட்சகர் சபையை 1732 இல் நிறுவியவர். திரு அவையின் மறைவல்லுநர். 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு உலகெங்கும் சொல்லப்பட்டு வரும் சிலுவைப்பாதைச் செபங்களில் ஒன்று அவர் எழுதியது. தென் இத்தாலியில் ஆயராக இருந்தபோது, 1768 மே முதல் அடுத்த ஆண்டு ஜூன் வரை கடும் வாதக் காய்ச்சலில் கிடந்தார். அவர் கழுத்து முன்னோக்கி வளைந்து இறுகிப்போயிற்று. மோவாய் அழுந்தி அழுந்தி மார்பில் ஆபத்தான புண் உண்டானது. மருத்துவர்கள் கழுத்தைச் சிறிதே நிமிர்த்த முடிந்தது. அதன்பின் உணவு வேளையில் குழாய் வழியாகத்தான் அவரால் பருக முடிந்தது. ஓவியங்களில் அவர் தலை கவிழ்ந்திருப்பது தாழ்ச்சியைக் காட்ட வரைந்ததென்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். தலையைப் பின்சாய்க்காமல் கிண்ணத்திலிருந்து பருக இயலாது. ஆகவே திருப்பலி நிறைவேற்றுவதும் நின்றுபோயிற்று. அப்போது அகுஸ்தீனார் சபைத் தலைவர் ஒருவர் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் எப்படித் தாங்கி அமர்ந்தால் கிண்ணம் உதட்டுக்கு எட்டும் என்று காட்டிக் கொடுத்தார். பீடத்துணைவர் ஒருவர் அருகிலிருந்து உதவ, அல்போன்ஸ் மீண்டும் திருப்பலி நிறைவேற்றினார்.